சுகந்தியோட விரலும் ஈரம் குடிச்ச போர்டும்

கேரம் போர்டுல ரெட்டு பாக்கெட் வாயிலயே நிக்குது. ஊதினா உள்ள போயிடும். சுகந்தி ஸ்ட்ரைக்கர வெச்சா, குறி பாத்தா, ஆள்காட்டி விரல மடக்கினா.

மடக்கின விரல் விரியவே இல்ல.

எதிர்ல ஒக்காந்திருந்த பொண்ணு கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டு, "அக்கா, அடிங்க"ன்னுச்சு. பின்னாடி எவனோ, "தூங்கிட்டாங்கடா"ன்னான். நாலு பேரு சிரிச்சாங்க.

சுகந்தி இடது கையால அந்த விரலப் புடிச்சு நிமித்தினா. வலியில உயிரே போயிடுச்சு. கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. அப்படியே எழுந்து வெளிய வந்துட்டா. காசிமேட்டுலேந்து தண்டையார்பேட்ட வரைக்கும் கேரம்ல அவள ஜெயிக்க ஆளில்லன்னு பேரு வாங்கினவ, செமி ஃபைனல்ல பாதியில எழுந்து வந்துட்டா.

முடக்குவாதம்னாரு டாக்டர். "உங்க உடம்பே உங்க மூட்டு கூட சண்ட போடுதும்மா. மாத்திரைய விடாதீங்க. கைய சும்மா வெக்காதீங்க. ஆனா வீங்கின அன்னிக்கு அதுகிட்ட வம்புக்கும் போகாதீங்க."

சுகந்திக்கு நடுவுல நிக்கவே தெரியாது. வலி இல்லாத ஒரு நாள், பழைய ஞாபகத்துல காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் வெளுத்து வாங்கினா. மறுநாள் டம்ளர் தூக்க முடியல. பயந்துபோயி வாரக்கணக்கா கைய மடியிலயே வெச்சுக்கிட்டா. விரலெல்லாம் கட்ட மாதிரி ஆயிடுச்சு. தலை பின்னி விடறதுக்குக்கூட வீட்டுக்காரர்தான். அவரு பின்னின பின்னல் தேங்கா நாரு மாதிரி இருக்கும், அது வேற கத.

கடைசியில ஒரு முடிவுக்கு வந்தா. ஒரு ஐப்பசி மாசக் காலையில, நல்ல மழையில, தன்னோட ஸ்ட்ரைக்கர எடுத்துக்கிட்டு கேரம் கிளப்புக்குப் போனா.

அங்க எத்திராஜு மாஸ்டர் தனியா பெருக்கிக்கிட்டு இருந்தாரு. மாஸ்டர்னா பெரிய வயசெல்லாம் இல்ல. அவளவிட ரெண்டு வயசு மூத்தவரு, ஒரே சந்து. அவளுக்கு கேரம் கத்துக் குடுத்தது அவருதான். கிளப்புக்குள்ள மாஸ்டர். கோவம் வந்தா எத்தி.

"மகாராணி வந்திருக்கா. அதான் ஊரே மெதக்குது."

"கிண்டல் பண்ணாத மாஸ்டர். இந்தா." ஸ்ட்ரைக்கர மேச மேல வெச்சா. "யாராவது ஆடறவங்களுக்குக் குடு."

அவரு அத தொடல. "மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

ஃபிளாஸ்க்லேந்து டீ ஊத்தி டம்ளர நீட்டினாரு. "குடிக்க அவசரமில்ல. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோ."

புடிச்சுக்கிட்டா. சூடு மெதுவா உள்ளங்கையில எறங்குச்சு.

"டாக்டர் அசைங்கறாரு, ஓய்வு குடுங்கறாரு. ரெண்டையும் எப்படி மாஸ்டர் கேக்கறது?"

மூலையில இருந்த போர்டு மேல கிடந்த துணிய எடுத்தாரு. ஒரு காயின நடுவுல வெச்சு, கிளப்பு ஸ்ட்ரைக்கரால ஓங்கி ஒரு அடி. ஸ்ட்ரைக்கர் பாதி தூரத்துல சேத்துல மாட்டின மாதிரி நின்னுடுச்சு.

"போர்டு போச்சு. தூக்கிப் போட்ரலாமா?"

"ஏன் மாஸ்டர், மழையில ஈரம் குடிச்சிருக்கு, அவ்ளோதான்."

"அப்ப இன்னும் வேகமா அடிக்கட்டா?"

"அடிச்சா ஓடிடுமா? உன் நகம்தான் பேந்துடும்."

"சரி, மழ விடற வரைக்கும் மூடியே வெச்சுடுவோம்."

"எத்தி! மூடி வெச்சா பூசணம் புடிக்கும், பலக தூக்கிக்கும். உனக்கு இதுகூட நான் சொல்லணுமா?"

"சொல்ல வேணாம். செஞ்சு காட்டு."

சுகந்தி டம்ளர கீழ வெச்சா. முணுமுணுத்துக்கிட்டே மேல தொங்கற குண்டு பல்ப போட்டு, சூடு படற மாதிரி எறக்கி விட்டா. காஞ்ச துணியால போர்ட ஒத்தி எடுத்தா. பவுடர் தூவினா. தன்னோட ஸ்ட்ரைக்கர எடுத்து, அடிக்காம, விரலால அந்தப் பக்கம் தள்ளினா. இந்தப் பக்கம் தள்ளினா.

மாஸ்டர் எதிர்ல ஒக்காந்து, வர்ற ஸ்ட்ரைக்கர திருப்பித் தள்ளி விட்டாரு.

"ஞாபகம் இருக்கா? உனக்கு போர்டு எட்டாது. செங்கல் மேல ஏறி நிப்ப."

"பாவாடையில சொருகி நானே எடுத்துட்டு வருவேன், அந்தச் செங்கல்ல."

"தோத்தவன் பொரி வாங்கித் தரணும்னு பந்தயம். உன்னாலயே பொரிகடக்காரரு மாடி கட்டினாரு."

சுகந்தி சிரிச்சுட்டா. பவுடர் வாசன, பல்பு சூடு, ஓட்டு மேல மழ சத்தம். எல்லாம் அப்படியே இருந்துச்சு. அந்த வயசுல அந்த விரல் சுண்டினா டொக்குனு ஒரே சத்தம்தான் கேக்கும், காயின் எப்ப உள்ள போச்சுன்னே தெரியாது.

தள்ளித் தள்ளி ஸ்ட்ரைக்கர் வழுக்க ஆரம்பிச்சுது. அப்பதான் கவனிச்சா, விரல் மடங்கி விரியுது. முழுசா இல்ல. முக்காவாசி.

அவ்ளோதான், கண்ணு பளிச்சுனு ஆயிடுச்சு. ஓங்கி அடிக்க விரல மடக்கினா. மாஸ்டர் குறுக்க கைய வெச்சாரு.

"வீக்கம் இருக்கா?"

பாத்தா. கணு ரெண்டும் லேசா உப்பியிருந்துச்சு. "கொஞ்சம்."

"அப்ப இன்னிக்கு தள்ளறதுதான் ஆட்டம்."

இன்னும் கொஞ்ச நேரம் தள்ளினாங்க. டீ ஆறிப்போச்சு. சுகந்தி குரல் எறங்கிடுச்சு.

"அந்தக் கை எனக்குத் திரும்ப வருமா, எத்தி?"

அவரு பொய் சொல்லல. "தெரியலம்மா."

சுகந்தி ஆறின டீய ஒரே மடக்குல குடிச்சா. அப்புறம் ஸ்ட்ரைக்கர முந்தானையால தொடச்சு, தன் பையிலயே போட்டுக்கிட்டா. வாசல் வரைக்கும் போயித் திரும்பினா.

"நாளைக்கு வரேன். போர்டு இதே மாதிரி ஓடுமா, மாஸ்டர்?"

மாஸ்டர் துணிய எடுத்து போர்ட மூடினாரு.

"இத்தன வருஷமா ஆடறேன் சுகந்தி. ஒரு நாள் கூட நேத்து போர்டுல ஆடினதில்ல."