நாற்பத்து மூன்றாம் குழாய்

சினைப்பையில் நீர்க்கட்டிகள் வரும் பிசிஓஎஸ் உள்ள அறுபது பெண்களின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள் பொற்கொடி. அவர்களுக்கு, சர்க்கரை நோய்க்கு முன்னோடியாக ஏறும் இன்சுலினும், உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. பதினைந்து வருடம் லேபில் வேலை பார்த்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் பிஎச்.டி. சேர்ந்தவள். வழிகாட்டி டாக்டர் செசிலியா அவளைவிட நான்கு வயது இளையவர்.

அன்றைய முடிவுத் தாள்களைப் புரட்டிய செசிலியா நிமிர்ந்தார்.

"நாப்பத்து மூணாம் குழாயை மட்டும் ஏன் மூணு தடவை ஓட்டியிருக்கீங்க?"

"அது என் ரத்தம் மேடம்."

பொற்கொடிக்கும் பிசிஓஎஸ் உண்டு. அறுபதில் ஒருத்தியாகத் தன் ரத்தத்தையும் கொடுத்திருந்தாள். ஊரார் எண்களையெல்லாம் அசராமல் பார்த்தவள், தன் எண்களை மட்டும் நம்பவில்லை.

"மெஷின் சரியா இருக்கா?"

"இருக்கு. காலையில அளவு தெரிஞ்ச கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டிப் பார்த்தேன்."

"மூணு தடவையும்?"

"கொஞ்சம்கூட இறங்கல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவுக்கு சர்க்கரை இப்படித்தான் சத்தமில்லாம வந்துச்சு. அப்புறம் கிட்னி போச்சு. அம்பத்தோரு வயசுல அவங்களும் போயிட்டாங்க. ரத்தம் கெட்டுப்போச்சுன்னு எழுதி இந்தக் குழாயைக் கழிச்சிரலாமா மேடம்?"

"கழிச்சா?"

"கொஞ்ச நாள் மறந்திருப்பேன். இந்தப் பயம் போகட்டும். போனதும் நானே டாக்டர்கிட்ட போறேன்."

"எப்போ போகும்?"



எண்கள் ஏறியிருக்கும் பெண்களை போனில் கூப்பிட்டு, டாக்டரைப் பார்க்க வரச் சொல்வது அந்த லேபின் வழக்கம். செசிலியா பட்டியலை எடுத்தார். நாற்பத்து மூன்றுக்கு நேரே இருந்த போன் நம்பரைப் பார்த்து மேஜை போனில் அழுத்தினார்.

பொற்கொடியின் கோட்டுப் பையில் செல்போன் அடித்தது. அவள் அசையவில்லை. அடித்து ஓய்ந்தது.

செசிலியா மறுபடியும் அழுத்தினார். இந்தத் தடவை அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

இரண்டடி தள்ளி நின்ற செசிலியா, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்.

"லேப்ல இருந்து பேசறேம்மா. உங்க ரிசல்ட் வந்திருச்சு. நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்க வாங்க. பயமா இருந்தா, பயத்தோடயே வாங்க."