சில விமர்சனங்கள் உண்டு

“பதினோரு மதிப்புரை எழுதிட்டேன் அம்மா. பதினோரு புத்தகமும் பரணுக்குப் போயிடுச்சு” என்றார் பேராசிரியர் வைத்தியலிங்கம்.

மலையடிவார மடத்தில் அவர் சீடர். வயது அறுபத்திரண்டு. குரு மங்கையர்க்கரசி அம்மாவுக்கு நாற்பது. முப்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவர் இப்படிக் கைகட்டி நிற்பதைப் பார்த்து ஊரில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மடத்தில் ஒரு வழக்கம். மாதக் கடைசி ஞாயிறன்று காலை, புதுப் புத்தகம் ஒன்றுக்குக் கூடத்தில் மதிப்புரை வாசிப்பார்கள். கேட்டவர்களில் ஒருவராவது “எனக்குக் கொடுங்க” என்றால் புத்தகம் அலமாரிக்குப் போகும். யாரும் கேட்காவிட்டால் பரணுக்கு. பரண் ஏறிய புத்தகம் எதுவும் இதுவரை இறங்கியதில்லை.

பன்னிரண்டாவது புத்தகம் லைன்மேன் சடையப்பன் எழுதியது. இருபத்தேழு வருடம் மின்கம்பத்து உச்சியிலிருந்து பார்த்ததை எழுதியிருந்தார்.

“இதுவும் பரணுக்குப் போனா இனி பேனாவைத் தொடமாட்டேன்.”

“எழுதினதைப் படிங்க.”

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்நூல் காலத்தின் கண்ணாடி. பக்கத்துக்குப் பக்கம் பயனுள்ள தகவல்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல். எனினும், எனக்குச் சில விமர்சனங்கள் உண்டு.”

அம்மா எழுந்து, ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்துவந்து தாளின் மேல் வைத்தார்.

“நீங்க எழுதினது இதுக்கும் ரொம்பப் பொருத்தமா இருக்கே.”

பேராசிரியருக்கு முகம் சுண்டிவிட்டது.

“அதென்ன, சில விமர்சனங்கள் உண்டு?”

“குறைகள் அம்மா.”

“குறைன்னு எழுதறதுக்கென்ன?”

“மரியாதையா இருக்காதே.”

“அந்தச் சொல்லுக்கு மரியாதை வேண்டாமா? நீங்க எழுதினது மொத்தமும்தான் விமர்சனம். அதுக்குள்ள தனியா இன்னும் சில விமர்சனம் எங்கேருந்து வந்தது?”

பேராசிரியர் பஞ்சாங்கத்தை நகர்த்திவிட்டு அந்த வரியை அடித்தார்.

“சரி, படிக்கறப்போ எந்த இடத்துல புத்தகத்தை மூடிட்டுச் சும்மா உட்கார்ந்தீங்க?”

அப்படி ஓர் இடம் இருக்கத்தான் செய்தது. அன்று காபி ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

“அது மதிப்புரைக்கு ஏத்த விஷயமாத் தெரியலை அம்மா.”

அம்மா அவருடைய தாளை ஆணியில் மாட்டினார். பஞ்சாங்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. சடையப்பன் பேராசிரியரிடம் வந்து கைகூப்பினார்.

“ஐயா, என்னை விமர்சனம் பண்ணப் போறீங்களாமே. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க.”

“உங்களை இல்ல தம்பி, புத்தகத்தை” என்றார் பேராசிரியர்.

வாசித்தார்.

“இந்தப் புத்தகத்தின் கடைசி நாற்பது பக்கம் மின்சார விதிமுறைகள். அது குறை. தாண்டிப் போய்விடலாம். ஏழாம் அத்தியாயத்தைத் தாண்ட முடியாது. புயலுக்கு மறுநாள் சடையப்பன் கம்பத்தில் இருக்கிறார். எதிர் மாடியில் புடவை காயப்போடும் சாக்கில் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். இவருக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் இறங்கவில்லை. அசைந்தால், தான் பார்த்தது அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று அப்படியே இருக்கிறார். கீழே தெரு மொத்தமும் கரண்ட் கேட்டு அவரைத் திட்டுகிறது.”

மூச்சு வாங்க நிறுத்தினார்.

“அப்புறம் எப்ப இறங்கினாரு?” என்றாள் சமையற்கட்டு வாசலில் நின்ற செண்பகம். அவள் கையில் கரண்டி அப்படியே இருந்தது.

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பேராசிரியர் அதை விழுங்கிக்கொண்டார்.

“புத்தகத்துல இருக்கும்மா.”

“அப்ப எனக்குக் கொடுங்க.”

“நான்தான் முதல்ல எழுந்தேன்” என்றார் தபால்காரர்.

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. மொத்தக் கூடமும் எழுந்து சடையப்பனைச் சூழ்ந்துகொண்டது. மனுஷன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கையிலிருந்த மீதித் தாள்களைத் தூக்கிக் காட்டினார்.

“அம்மா, இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு.”

“யாருக்கு?” என்றார் அம்மா.