பானைக்குள் விழுந்த புளியங்கொட்டை

டாக்டர் கலியமூர்த்திக்குக் கோபம் வந்தால் ஆய்வு நிலையத்தில் ஒருவரும் தும்மக்கூட மாட்டார்கள். அன்று அந்தக் கோபம் புதிதாகச் சேர்ந்த மெஹராஜ் மேல் திரும்பியது. பால்வினை நோய் பற்றி ஊர் ஊராக விசாரித்து வருவது அவள் வேலை.

"மத்தவங்க போன ஊர்ல எல்லாரும் இல்லைங்கறாங்க. உன் ஊர்ல மட்டும் இத்தனை பேருக்கு நோயா? கதை கட்டுறியா?"

"இல்ல சார். அவங்க கூட்டத்துல கேட்டாங்க. நான் தனியாக் கேட்டேன்."

"நிரூபி. ஆனா யார் பேரும் வெளிய வரக்கூடாது. முடியலேன்னா நாளைக்கு வராதே."

மெஹராஜ் அங்கிருந்த ஆண்களைப் பார்த்து, "அந்த நோய் வந்தவங்க கை தூக்குங்க சார்" என்றாள். ஒரு கையும் எழவில்லை. டாக்டர் சிரித்தார்.

பிறகு பக்கத்து அறையில் ஒரு பானையும், அருகே புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வைத்தாள். "வந்திருந்தா கொட்டை, இல்லேன்னா கல். ஒவ்வொருத்தராப் போய்ப் போட்டுட்டு வாங்க."

எல்லாரும், கடைசியில் டாக்டரும், போய் வந்தார்கள். பானையைக் கவிழ்த்ததும் கற்களுக்கு நடுவே மூன்று கொட்டைகள் உருண்டன.

டாக்டரின் காது மடல் சுட்டது. படிக்கிற காலத்தில் வெளியூரில் பொய்ப் பெயர் சொல்லி இதே நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. தனியே நின்றபோது கை தானாகக் கொட்டையை எடுத்துவிட்டது.

"யாரோடதுன்னு கேக்கணுமா சார்?"

"வேண்டாம்மா" என்றார். "எல்லா ஊருக்கும் மறுபடி போகணும். பானையோட போங்க."

யார் கண்ணையும் பாராமல் குனிந்து, மூன்று கொட்டைகளையும் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.