கழுத்தில் வேண்டாம்

எஸ்தரிடம் நாய் பழக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவர் ராயப்பன். அவருக்கு அறுபத்தொரு வயது. எஸ்தருக்கு முப்பத்து மூன்று.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் போகும் சாலையில், வேலி போட்ட ஒரு மைதானம் எஸ்தருடையது. மிரண்ட நாய்கள், கடித்த நாய்கள், யார் சொல்லையும் கேட்காத நாய்கள் எல்லாம் அங்கே வரும். ராயப்பன் முதல் நாள் வேடிக்கை பார்க்கத்தான் போனார். காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். 'இந்தப் பொண்ணு என்னத்தச் சொல்லிக் கொடுக்குதுன்னு பார்ப்போம்' என்று வேலிக்கு வெளியே நின்றார்.

அன்று, நான்கு பேரைக் கடித்த நாய் ஒன்று, யாரும் கூப்பிடாமலே எஸ்தரின் பக்கம் வந்து, அவர் காலில் முதுகைச் சாய்த்துப் படுத்தது. எஸ்தர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ராயப்பன் உள்ளே வந்தார்.

"என்னையும் சேத்துக்குவீங்களா, டீச்சர்?"

"உங்க சர்வீஸ் எத்தனை வருஷம், ஐயா?"

"முப்பத்திரண்டு."

"உங்க சர்வீஸை விட நான் ஒரு வயசுதான் மூத்தவ. பரவாயில்லையா?"

ராயப்பன் சிரித்துவிட்டார். அப்படித்தான் சீடரானார்.

அவர் கூடவே பைரவியும் வரும். லாப்ரடார். வெண்ணெய் நிறம், முகம் மட்டும் நரைத்திருந்தது. ஏழு வருடம் அவரோடு பணியில் இருந்து, அவரோடு ஒரே மாதத்தில் ஓய்வுபெற்று, அவர் வீட்டுக்கே வந்துவிட்ட நாய். ஞாபகமறதி நோய் வந்த ஒரு மூதாட்டி வீட்டை விட்டுக் கிளம்பி மலைப்பாதையில் தொலைந்தபோது, அடைமழையில் ஒன்பது கிலோமீட்டர் மோப்பம் பிடித்துப் போய் ஒரு பாறை இடுக்கில் உயிரோடு கண்டுபிடித்தது பைரவிதான். ராயப்பன் இதைச் சந்திக்கும் எல்லோரிடமும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் 'ஒன்பது' என்ற இடத்தில் குரல் ஏறும்.

ஒரு நாள் ராயப்பன் சோர்ந்துபோய் வந்தார். பைரவி கூட வரவில்லை.

"நேத்து தட்டுல சாப்பாடு வெச்சேன், டீச்சர். குனிஞ்சா. கத்திட்டா. ஏழு வருஷத்துல அவ கத்தி நான் கேட்டதில்ல."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். கழுத்தெலும்புக்கு நடுவுல தேஞ்சுபோய் நரம்பை அழுத்துதாம். இனிமே கழுத்துப்பட்டையில கயிறே மாட்டக் கூடாதுன்னுட்டார். பலமா இன்னொரு இழுப்பு விழுந்தா முன்னங்கால் ரெண்டும் போயிடுமாம்."

எஸ்தர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு வாரம் ஓய்வு. அப்புறம் மெதுவா நடக்கலாம், ஆனா உடம்புல மாட்டற பெல்ட்தான் போடணும்னார்." அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "இதுக்கு நடுவுல இது வேற வந்திருக்கு. ஓய்வுபெற்ற நாய்களுக்குப் பாராட்டு விழா. ஆயுதப்படை மைதானத்துல. பைரவிக்குப் பதக்கம். எல்லார் முன்னாடியும் அறுபது அடி நடந்துபோய் வாங்கணும்."

"எப்போ?"

"இன்னும் ஏழு வாரம்."

"நடப்பா" என்றார் எஸ்தர்.

ஓய்வு முடிந்ததும் ராயப்பன் பைரவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கையில் மூன்று பாடி பெல்ட்கள். மேசையில் வரிசையாகப் பரப்பினார். முதலாவது கறுப்பு. அகலமானது, முதுகில் பெரிய கைப்பிடி வைத்தது. இரண்டாவது சிவப்பு, தலைவழியாக மாட்டுவது. மூன்றாவது சாம்பல் நிறத் துணி, நான்கு கொக்கிகள், அவ்வளவுதான்.

"எதைப் போட்டா இவ கம்பீரமா இருப்பா, டீச்சர்?"

"என்னை ஏன் கேக்கறீங்க? அவளையே கேளுங்க."

ராயப்பனுக்குக் கறுப்பின் மேல்தான் கண். அதை மாட்டினார். பைரவியைப் பார்த்தால் எல்லைக் காவலுக்குக் கிளம்பியது போல இருந்தது. மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். மார்பு விம்மியது அவருக்குத்தான்.

"பாத்தீங்களா? தலை நிமிர்ந்து எப்படி நடக்கறா!"

"நிமிர்ந்து நடக்கல, ஐயா. குனிய முடியல."

எஸ்தர் மண்டியிட்டு, பைரவியின் மூக்குக்குக் கீழே தரையில் ஒரு பிஸ்கட் துண்டை வைத்தார். பைரவி குனிந்தது. மார்பில் குறுக்கே ஓடிய பட்டை அப்படியே மேலேறித் தொண்டையில் போய் நின்றது. பைரவி தலையைத் தூக்கிக்கொண்டது. பிஸ்கட் தரையிலேயே கிடந்தது.

ராயப்பன் கறுப்பைக் கழற்றினார்.

மறுநாள் சிவப்பு. தலைவழியாக மாட்டப் போனபோது பைரவி முகத்தைத் திருப்பியது. அவர் மெல்லத் தாடையைப் பிடித்துத் திருப்பினார். மறுபடி திருப்பிக்கொண்டது. காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன.

"ரெண்டு நாள்ல பழகிடுவா" என்றார் ராயப்பன்.

"எதுக்குப் பழகுவா?"

"இதை மாட்டறதுக்கு."

"மாட்டறதுக்கா, வலிக்கா?"

ராயப்பன் கையிலிருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்தார். மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"அப்போ மூணாவதுதான், டீச்சர். இதுக்கு என்ன பெரிய தேர்வு?"

"பொறுங்க. கயிறை எடுத்துக்கிட்டு வாங்க."

எஸ்தர் கயிற்றின் கொக்கியைத் தன் கையில் பிடித்து, அந்தக் கையை மார்பில் வைத்துக்கொண்டார். மறுமுனையை ராயப்பனிடம் கொடுத்தார்.

"நடங்க. நான் பக்கத்துலயே வர்றேன். பைரவியை நடத்திட்டுப் போற மாதிரியே போங்க."

ராயப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நடந்தார். வேலியோரம் நேராகப் போனார்கள். மூலையில் ராயப்பன் இடதுபக்கம் திரும்பினார். எஸ்தரின் கை மார்பிலிருந்து வெடுக்கென்று முன்னால் போனது. இன்னும் பத்து அடி. வேப்பமரத்தின் கீழே ராயப்பன் நின்றார். மறுபடியும் வெடுக்.

எஸ்தர் நின்றார்.

"ஐயா, நான் எங்கயும் ஓடலையே."

ராயப்பன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அது செய்ததை அவர் உணர்ந்திருக்கவே இல்லை. திரும்பும்போது ஒரு சுண்டு. நிற்கும்போது ஒரு சுண்டு. பயிற்சிப் பள்ளியில் முதல் வாரம் கற்றது. அதற்குப் பிறகு அதை அவர் நினைத்ததே இல்லை. கை தானாகச் செய்துகொண்டிருந்தது.

ஒரு நாளைக்கு எத்தனை திருப்பம், எத்தனை நிறுத்தம் என்று அவர் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. ஏழு வருடம் என்று வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

பைரவி நிழலில் படுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பார்த்ததும் வாலைத் தரையில் இரண்டு முறை தட்டியது.

அடுத்த மூன்று நாள் ராயப்பன் வரவில்லை. எஸ்தர் கூப்பிடவும் இல்லை.

நான்காம் நாள் காலையில் வந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"நான்தானா, டீச்சர்?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"வயசுன்னார். இந்த ஜாதிக்கு வர்றதுதான்னார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

ராயப்பன் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். எஸ்தர் சாம்பல் நிறப் பெல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மாட்டத் தெரியுமா?"

"ஸ்கூல் பை மாதிரி இருக்கு."

"ஆமா. மாட்டுங்க."

அதைத் தலைவழியாக நுழைக்க வேண்டியதில்லை. கழுத்தடியிலும் கொக்கி இருந்தது. திறந்து, சுற்றி வைத்து, மூடினால் போதும். முன்பட்டை நெஞ்செலும்பின் மேல் இறங்கி முன்னங்கால்களுக்கு நடுவே போனது. தொண்டையின் பக்கமே அது வரவில்லை. வயிற்றுப் பட்டை அக்குளிலிருந்து நான்கு விரல் தள்ளி நின்றது. ராயப்பன் ஒவ்வொரு பட்டைக்கும் கீழே இரண்டு விரல் விட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தது. தளர்த்தினார். மறுபடியும் பார்த்தார்.

எஸ்தர் தரையில் பிஸ்கட்டை வைத்தார். பைரவி குனிந்தது. பட்டை நகரவில்லை. பிஸ்கட் போயிற்று.

ராயப்பன் கயிற்றை மாட்டப் போனார்.

"கொக்கியை மாட்டாதீங்க" என்றார் எஸ்தர். தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல்கண்டை எடுத்தார். ஒற்றை இழை. அதைக் கொண்டு கயிற்றையும் பெல்ட்டின் வளையத்தையும் சேர்த்து முடிந்தார். "இப்போ நடங்க. அறுந்தா நின்னு, மறுபடி முடிஞ்சுக்கங்க."

"இவ ஓடிட்டா?"

"ஓடுவாளா?"

அன்று நூல் பதினேழு முறை அறுந்தது. அறுந்த ஒவ்வொரு தடவையும் பைரவி அங்கேயே நின்று, அவர் முடிச்சுப் போடும்வரை காத்திருந்தது. ஒரு தடவைகூட ஓடவில்லை. பதினேழாவது முடிச்சின்போது ராயப்பனின் கண் கலங்கி, நூல் வளையத்துக்குள் போகவில்லை. எஸ்தர் அந்தப் பக்கம் திரும்பி வேறு வேலை பார்த்தார்.

இரண்டாம் வாரம் நான்கு முறை. மூன்றாம் வாரம் ஒருமுறை. திரும்புவதற்கு முன்னால் "வாம்மா" என்று மெல்லச் சொல்லக் கற்றுக்கொண்டார். சொன்னால் போதுமாயிருந்தது. ஏழு வருடமும் சொன்னால் போதுமாய்த்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அதை அவர் எஸ்தரிடம் சொல்லவில்லை.

விழா நாள் காலை. மைதானத்தைச் சுற்றிப் பந்தல். காவலர் குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகள், பேண்டு வாத்தியம். எஸ்தர் கடைசி வரிசையில் நின்றிருந்தார்.

மற்ற நாய்களுக்குப் பளபளக்கும் தோல் பட்டை, பித்தளை வில்லை. பைரவிக்கு அந்தச் சாம்பல் துணி. பெயரை அறிவித்தார்கள். ஒன்பது கிலோமீட்டர், மழை, மூதாட்டி. கைதட்டல் எழுந்தது. ராயப்பன் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, பழைய சீருடை நிமிர்வோடு நடந்தார். பைரவி பக்கத்தில், முன்னங்காலை அளந்து வைத்து நடந்தது.

பாதி தூரத்தில் பைரவி நின்றது.

மூக்கைத் தரையில் வைத்தது. புல்லில் எதையோ மோந்தது. ராயப்பனும் நின்றார். கைதட்டல் ஓய்ந்தது. பேண்டு வாசித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்தலில் யாரோ சிரித்தார்கள். விழாவை நடத்தியவர் ஓடி வந்தார்.

"என்ன ராயப்பன், ஏன் நிக்குது? இழுத்துட்டு வாங்க."

"வேலை பாக்கறா, சார்" என்றார் ராயப்பன். "முடிச்சுட்டு வருவா."

நின்றார். அத்தனை பேர் முன்னாலும் கையைத் தொங்கவிட்டபடி நின்றார். பைரவி ஆற அமர மோந்து முடித்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தது. "வாம்மா" என்றார். நடந்தார்கள்.

மேடைக்கு முன்னால் உயர் அதிகாரி காத்திருந்தார். கையில் பதக்கம், மூவண்ண நாடாவில். குனிந்து, நாடாவை விரித்து, பைரவியின் தலைவழியாகப் போடப் போனார்.

"சார், கழுத்தில் வேண்டாம்."

அதிகாரி நிமிர்ந்தார். மைக்கிலும் அது கேட்டிருந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் ராயப்பன் மேலதிகாரி ஒருவரிடம் சொன்ன முதல் 'வேண்டாம்' அது. 

"அவளுக்குக் கழுத்து வலி, சார். வேலையில வந்தது. என் கையால வந்தது. நெஞ்சுல போடுங்க."

 அந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். புல்தரையில் ஒரு முழங்காலை ஊன்றினார். நாடாவை மடித்து, பதக்கத்தைச் சாம்பல் பெல்ட்டின் முன்பட்டையில், நெஞ்செலும்பின் மேல், பொறுமையாக முடிந்தார். எழுந்து விறைத்து நின்று, பைரவிக்கு சல்யூட் வைத்தார்.

அப்போது எழுந்த கைதட்டல் அன்று வேறு எதற்கும் எழவில்லை.

எல்லாம் முடிந்து ராயப்பன் கடைசி வரிசைக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை. பைரவி தண்ணீர்க் கிண்ணத்தில் குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. பதக்கம் கிண்ணத்தின் விளிம்பில் இடித்துச் சத்தம் போட்டது.

"நடுவுல நின்னுட்டா, டீச்சர். எல்லாரும் என்ன நெனச்சாங்களோ. இங்கேருந்து பாக்க எப்படி இருந்தோம்?"

"எனக்குச் சரியாத் தெரியல, ஐயா" என்றார் எஸ்தர். "நான் அறுபது அடியும் கயிறைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். அது கண்ணுல படவே இல்ல."