மூன்று துண்டு வில்

ணங்கென்று ஒரு நாண் அதிர்ந்தது. வெகு காலத்துக்கு முன்னே, வெண்கோட்டு நாட்டில். கேட்டவர்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள், பிள்ளைகள் பேரர்களிடம் சொன்னார்கள். இப்போது உங்கள் காதுக்கு வருகிறது.

அந்த நாட்டில் மருதி வில் செய்கிறவள். அவள் தங்கை நல்லாள் சிரிக்கிறவள். மந்திரவாதி காரியனின் தலைப்பாகையில் காக்கை எச்சமிட்டபோதும் சிரித்துவிட்டாள். அவன் அவளைக் கொக்காக்கி, கூண்டில் அடைத்து, தன் கோட்டைக்குள் குளத்துக்கு மேலே ஒரு கயிற்றில் தொங்கவிட்டான். அம்பு பட்டுக் கயிறு அறுந்தால் மந்திரம் முறியும். அதுவரை மாதத்துக்கு மாதம் அவளுக்குப் பேச்சு மறக்கும். எல்லாம் மறந்தால் பிறகு கொக்கு கொக்குதான்.

கோட்டை வாசலில் ஒரு கல் யானை காவல். முதல் மாதம் மருதி வில்லோடு போனாள்.

"வில்லா?" என்றது யானை.

"வில்தான்."

மளுக்கென்று முறித்துத் திருப்பிக் கொடுத்தது. மதிலுக்கு மேலே கொக்கின் குரல் கேட்டது: "அக்கா, பசிக்குது, அழாதே."

முறிந்த துண்டுகளைச் சுமந்துகொண்டு திரும்பும் வழியில்தான் மருதிக்குத் தோன்றியது: துண்டாகவே கொண்டுபோனால் என்ன? மூங்கிலில் வில்லின் வளையும் கைகள் இரண்டையும் சீவினாள். நடுப்பிடி வளையாத இடம்தானே, எந்த மரமானால் என்ன என்று லேசான குமிழ மரத்தில் செதுக்கி, துளையிட்டு, இரும்பு முளைகள் வைத்தாள். அடுத்த மாதம் மூன்றையும் தனித்தனியே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"வில்லா?" என்றது யானை.

"மூன்று கட்டை. பூட்டினால் வில்லாகும்."

"எனக்கு வாசல் வேலைதான். உள்ளே என்ன ஆனால் எனக்கென்ன? போ."

குளக்கரையில் பூட்டினாள், இழுத்தாள். முளைத் துளையில் பிடி பிளந்தது. அம்பு காலடியில் விழுந்தது.

மாடத்திலிருந்து காரியன் எட்டிப் பார்த்தான். "விறகா கொண்டு வந்தாய் அம்மணி? அடுத்த மாதமும் கொண்டு வா, அடுப்புக்கு ஆகும்."

"அக்கா, பசிக்குது," என்றது கொக்கு. அவ்வளவுதான் மிச்சம்.

வீட்டில் பிளந்த பிடியை மடியில் வைத்துக்கொண்டு மருதி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூங்கில் கைகள் வளைந்து தப்பித்துக்கொள்கின்றன. வளையாத பிடிதான் இழுப்பு முழுவதையும் தாங்குகிறது. எழுந்தாள். வைரம் பாய்ந்த புளி, வேங்கை, மறுபடி புளி என்று மூன்று பலகைகளை வச்சிரப் பசையால் ஒட்டி, கயிற்றால் இறுக்கி, இருபது நாள் தொடாமல் விட்டாள். பிறகு செதுக்கினாள். துளைகளுக்குள் பித்தளை வளையம் இறக்கினாள். வில்லைப் பூட்டி நூறு தரம் இழுத்தாள். பிடி முனகவில்லை.

"அதே மூன்று கட்டையா?" என்றது யானை.

"ஒன்று புதுசு."

"கனக்குதே."

"கனக்கத்தான் வேணும்."

மேலிருந்து ஒரே சொல் வந்தது: "அக்கா."

மருதி பூட்டினாள், இழுத்தாள், விட்டாள். ணங்.

கயிறு அறுந்தது. கூண்டு குளத்தில் விழுந்து உடைந்தது. தண்ணீரைத் துப்பிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, நல்லாள் எழுந்தாள். காரியனின் மந்திரம் அத்தனையும் அந்தக் கயிற்றில்தான் கட்டுண்டிருந்தது. வெறுங்கிழவனாகத் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு அவன் ஊரைவிட்டு ஓடினான். யானை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரியனை விரட்டியதற்கு என்ன வேண்டும் என்று வெண்கோட்டு அரசன் கேட்டான். முற்றிய புளிய மரம் ஒன்று கேட்டு வாங்கினாள் மருதி.

நல்லாள் எழுபத்திரண்டு வயது வரை இருந்தாள். கடைசிவரை ஒற்றைக்காலில் நின்றபடிதான் தூங்கினாள்.