காற்றுச் சந்தில் அழுத மண்டபம்

முன்னொரு காலத்தில் ஒரு கடற்கரைப் பட்டினத்தைக் கோளரியான் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம், நினைத்தது அந்தக் கணமே நடக்க வேண்டும். அவன் புதிதாகக் கட்டிய கல்மண்டபம் தினமும் உச்சிவேளையில் அழுதது. சும்மா இல்லை ஐயா, பிள்ளையைத் தொலைத்தவள் அழுகிற மாதிரி அழுதது. விளக்குகள் தாமாக அணைந்தன. காவலாளிகள் சொல்லிக்கொள்ளாமல் ஓடிப்போனார்கள்.

"எல்லாம் பூங்குழையாள் ஏவிவிட்ட பேய், மகாராஜா," என்றான் சாத்தப்பன். மண்டபத்தை நானே வரைந்தேன் என்று மார்தட்டிப் பொற்கங்கணம் வாங்கிக்கொண்டவன் அவன். பூங்குழையாள் அந்த ஊரில் கட்டடக்கலை சொல்லித்தருபவள். அவளுக்கிருந்த பேரைப் பார்த்து அவனுக்கு வயிற்றெரிச்சல்.

ராஜா அவளை அழைத்தான். "பொழுது சாய்வதற்குள் பேய் போக வேண்டும். இல்லையென்றால் உன் பள்ளியை இடித்துவிடுவேன்."

நாற்பது மாணவர்கள் படிக்கும் பள்ளி. மண்டபத்துக்குள் போனாள். ஒரே புழுக்கம். கடல் பக்கம் கூரையோரமாகக் கீறல் போன்ற துளைகள், எதிர்ச்சுவரில் ஒன்றுமில்லை. துளையில் சிக்கிய காற்றுதான் ஊளையிட்டது. காரணம் தெரிந்தும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மண்டபம் நின்றதோ காற்றுச் சந்தின் மேல். வீடுகளுக்கு நடுவே கடலைப் பார்த்து, கடற்காற்று ஊருக்குள் வரட்டும் என்று ஊரார் காலங்காலமாகக் காலியாக விட்ட வழி அது. அவள் பள்ளியில் முதல் பாடமே அதுதான்.

நேராகச் சொன்னால் சாத்தப்பன் ஒத்துக்கொள்வானா?

வெளியே வந்து, "பேய் உண்டு, மகாராஜா," என்றாள். " தன் வழியை மறித்தவரைத் தேடி அழுகிறது. மண்டபத்தை வரைந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாழிகை உள்ளே தனியாக இருந்தால் போய்விடும்."

ஊளை இன்னும் ஏறியது. சாத்தப்பன் ராஜாவின் காலில் விழுந்தான். "நான் வரையவில்லை, மகாராஜா. பாலைவன நாட்டு வணிகன் ஒருவன் தந்த படம். மணற்காற்றுக்குப் பயந்து அங்கே அப்படி அடைத்துத்தான் கட்டுவார்களாம்."

"கங்கணத்தைக் கழற்று," என்றான் ராஜா. "நாளையிலிருந்து இவள் பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார். சுண்ணாம்பும் நீதான் குழைக்க வேண்டும்."

மாணவர்கள் இரண்டு சுவர்களிலும் பெரிதாக வழி திறந்தார்கள். காற்று நேரே பாய்ந்தது. ஊளை நின்றது. ராஜா சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மெல்லிய அழுகை ஒன்று கேட்டது.

"இன்னொரு பேயா?"

"இல்லை, மகாராஜா," என்றாள் பூங்குழையாள். " பின்தெருவில் வெக்கை தாங்காத குழந்தைகள். இந்த மண்டபம் வழியை மறித்து அங்கே காற்று நின்று மூன்று மாதமாயிற்று. மண்டபத்தின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை."

ராஜா பக்கத்தில் நின்ற மாணவனிடம் கடப்பாரையை வாங்கி, மிச்சமிருந்த சுவரைத் தானே இடிக்கத் தொடங்கினான்.