ஏழு வீடு மாறிய சாம்பி

அந்தக் காலத்தில், மிருகமும் மனிதரும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்ட நாளில், ஆழித்துறை என்றொரு பட்டினம் இருந்தது. கடல் கடந்து வந்த எவரும் அங்கே இறங்கலாம். ஆனால் ஒரே கூரையின் கீழ் எட்டு நாள் தங்கிவிட்டால், வீட்டுக்காரர் வந்து கழுத்தில் நீலக் கயிறு கட்டுவார். பிறகு ஆயுளுக்கும் அந்த வீட்டு அடிமைதான்.

சாம்பல் நிறப் பூனை சாம்பிக்கு இது தெரியாது. யவனக் கப்பலில் எலி பிடித்துக்கொண்டே வந்தவள் அவள். கப்பலில் வேலைக்குச் சோறு, கரை வந்தால் அவரவர் வழி. அவள் அறிந்த சட்டம் அவ்வளவுதான். நிறைமாத வயிற்றோடு இறங்கி, நெல் வணிகன் அந்துவனின் கிடங்கில் மூன்று குட்டி போட்டாள்.

எட்டாம் நாள் காலையில், அங்கே நெல் குற்றிக்கொண்டிருந்த யவனப் பெண் மிர்த்தோ உலக்கையை நிறுத்தினாள்.

"சாம்பி, உடனே கிளம்பு. இன்று கயிறு வரும்."

"எதற்கு? பாலெல்லாம் வைக்கிறார்களே!"

"எனக்குக் கஞ்சி வைத்தார்கள். காய்ச்சலில் கிடந்தேன். எவ்வளவு நல்லவர்கள் என்று அழுதேன். கண் தெளிந்தபோது இது இருந்தது." கழுத்துக் கயிற்றை விலக்கிக் காட்டினாள். அடியில் தோல் கன்றிப்போயிருந்தது.

சாம்பி ஒரு குட்டியைக் காலைப் பிடித்துத் தூக்கினாள், அலறியது. காதைப் பிடித்தாள், அதற்கும் அலறியது. அதற்குள் அந்துவன் வந்துவிட்டான், கையில் நாலு கயிறு. பின்னால் அவன் நாய் செவலை.

"முரண்டு பிடிக்காதே தங்கச்சி," என்றது செவலை. "நானும் காட்டிலிருந்து வந்தவன்தான். கயிறு விழுந்த பிறகு ஒரு வேளைகூடப் பட்டினி இல்லை."

"அப்படியா அண்ணே? அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சோறு கேளேன், பார்ப்போம்."

செவலை பின்காலால் தன் கழுத்துக் கயிற்றைச் சொறிந்துகொண்டது. அந்துவன் குனிந்து மூத்த குட்டியின் கழுத்தில் கயிற்றை வைத்தான். முடிச்சு விழுமுன் சாம்பி பாய்ந்து அந்தப் பிடரியையே கவ்வினாள். அவன் விரலும் சேர்ந்து கடிபட்டது. கயிறு நழுவியது. என்ன ஆச்சரியம், குட்டி அலறவில்லை. கால்களை மடக்கிக்கொண்டு பேசாமல் தொங்கியது. சாம்பி மதிலைத் தாண்டினாள்.

மிச்சக் குட்டிகளை நோக்கி அந்துவன் திரும்பினான். குறுக்கே உலக்கையோடு மிர்த்தோ நின்றாள்.

"அவள் வரட்டும், ஐயா."

"உன்னைக் கட்டி வைத்து உரிப்பேன்!"

"கட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்."

சாம்பி மறுபடி வந்தாள், மறுபடியும் வந்தாள். கடைசிக் குட்டியை மதில்மேல் இறக்கிவிட்டு, "நீயும் வா மிர்த்தோ," என்றாள்.

"என்னைத் தூக்க உன் வாய் போதாதடி. போ."

அடுத்த வீடு செக்கு ஓட்டும் வாணியருடையது. ஏழாம் நாளே அங்கிருந்தும் கிளம்பினாள். பிறகு குயவர் வீடு, உப்பு விற்பவர் வீடு என்று ஏழு வீடு. எல்லா வீட்டிலும் பால் வைத்தார்கள். எல்லா வீட்டிலும் கயிறு திரித்தார்கள். ஏழாவது வீட்டில் குட்டிகள் தாமாகவே மதில் தாண்டின.

அன்றிலிருந்துதான் குட்டி போட்ட பூனை ஒரு வீட்டில் நிலைப்பதில்லை. குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு, பட்டப்பகலில், நம் கண்ணெதிரேயே வீடு மாறுகிறது. நாம் வைக்கும் பாலைக் குடிக்கிறது. கூப்பிட்டால் மட்டும் வருவதில்லை.